மெனிக்கே கேட்பாள், ‘யாரு வீடு?’

மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் முன்பின் தெரியாத பலர் இதை வாசித்திருப்பார்கள். எனக்கு அது உவப்பான காரியம் அல்ல. வீட்டு விஷயத்தை வாசல் கேற்றுக்கு வெளியே கொண்டுபோகாதவள் நான். உன் அப்பா இறந்தபின் முதல்நாள் பாடசாலைக்குப் போனபோது, யாரும் பக்கத்தில் வந்து துக்கம் விசாரித்துவிடக் கூடாதே என்று விடைத்தாள் கட்டொன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், வேறு வழி இல்லாமல் போய்விட்டது என்று எடுத்துக்கொள். நீ கட்டப்போகிற நிஷாவின் வீட்டார் வந்துபோன நாளிலிருந்து நீ என் அழைப்பை எடுப்பதில்லை. அனுப்பும் செய்திகளுக்குக் கீழே நீலக் குறி விழுகிறது; பதில் வருவதில்லை. அக்குறணையில் கடை வைத்திருக்கும் நம் வீட்டுப் பரீனாவின் அண்ணனிடம், நாம் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற அவரிடம், இதைச் சொன்னேன். “போன்ல எடுக்காட்டி பேப்பர்ல எழுதுங்க டீச்சர். ஒங்கட மகன் படிக்காட்டியும் அவர்ட மாமியார் படிப்பாங்க” என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

உன் பெயரை எழுதப்போவதில்லை. மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பூமணி மட்டும், “ஏம் பேர ஏம்மா மாத்தணும்? நான் என்ன களவா எடுத்தேன்?” என்று கேட்டாள். ஆகவே பூமணி பூமணியாகவே இருக்கிறாள்.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எழுதவேண்டியிருக்கிறது, தெரியாதவர்களும் வாசிப்பதால். நம் வீட்டில் என்னோடு நான்கு பெண்கள் இருக்கிறார்கள்: செல்வி, பூமணி, பரீனா, மெனிக்கே. வயது வந்தவர்கள்தான், ஆனால் தனியாக அடுப்புப் பற்றவைக்கவோ, பஸ் ஏறிப் போய்த் திரும்பி வரவோ முடியாதவர்கள். அவர்களை வைத்துப் பராமரிப்பதற்கு இப்போது அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு வீட்டின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். உரிமையாளர் நீ. அப்பா எனக்குச் சீவிய உரித்தை வைத்துவிட்டு வீட்டை உன் பெயரில் எழுதினார். நான் சாகும்வரை இதில் வசிக்கலாம்; வசிக்கும் வீட்டைச் சட்டத்தின் கண்ணில் வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் உன் கையெழுத்து வேண்டும். அடுத்த மாதம் மாநகர சபையின் திட்டமிடல் குழு கூடுகிறது. அதற்குள் உன் சம்மதம் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அப்படி ஆனால் செல்வி அத்தை மட்டும் இருக்கலாம், அவள் உன் அப்பாவின் தங்கை என்பதால். மற்ற மூவரும் இடம் கிடைக்கிற அரச இல்லங்களுக்குப் போகவேண்டும். மூவருக்கும் ஒரே இல்லத்தில், ஏன் ஒரே மாவட்டத்தில்கூட, இடம் கிடைக்குமென்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று நிஷா உன்னிடம் கேட்டிருப்பாள். சேவை செய்யும் எண்ணம் எனக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே மேடையும் மாலையும்தான் ஞாபகத்துக்கு வரும். செல்வி கல்யாணத்தோடு எனக்கு வந்தவள். உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்று, தட்டில் இருந்த பலகாரத்தை யாரும் தொடுவதற்கு முன்பே, “எந் தங்கச்சி நம்மளோடதான் இருப்பா. அதுக்குச் சம்மதம்னா மத்ததப் பேசலாம்” என்றார். கூட வந்திருந்த பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு இருந்தேன். சுற்றிவளைத்துப் பேசுகிற மாப்பிள்ளைகள் இருவரை ஏற்கெனவே வேண்டாம் என்றிருந்தேன். “இருக்கட்டும், அதுக்கென்ன” என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

பிறகு பூமணி. புசல்லாவைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தாய் செத்தபின் அண்ணனும் அண்ணியும் கொழுந்து பறிக்கப் போகும் நேரமெல்லாம் அவளைத் தொழிலாளர் லயத்து அறையில் வைத்துப் பூட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை. கதவைத் திறந்துவிட்டால் அவள் மெயின் ரோட்டில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்பாள். என்னிடம் படித்த ஒருத்தி அங்கே டீச்சராக இருந்தாள். “ரெண்டு மாசத்துக்கு மட்டும் மிஸ்” என்று கூட்டிவந்து விட்டாள். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. பரீனாவை, அவள் உம்மாவின் மௌத்துக்குப் பிறகு நானா கொண்டுவந்தார். கீழே கடை, மேலே வீடு, நடுவில் செங்குத்தான படி. அதில் அவள் உருண்டு விழுந்து தலையை உடைத்துக்கொண்டிருந்தாள். இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கூட்டிப்போய்ப் பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். மெனிக்கே நம் ஒழுங்கைச் சந்தின் முனையில் மரக்கறி விற்ற சிங்களக் கிழவரின் மகள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, திரும்பி வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி விட்டுப்போனார். அவர் திரும்பவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடப் பையன். உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்தாய். நான் சொல்லிச் செய்யவில்லை. நான் அதைக் கவனித்ததாகவும் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று நினைக்கும் ஆள் நான். இப்போது பத்திரிகையில் பாராட்டுகிறேன், பார்.

இத்தனை காலமும் எந்த அரசாங்கக் கந்தோரும் எங்களை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சென்ற வருடம் பரீனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, அப்போதுதான் வார்டுக்கு வந்த உத்தியோகத்தர் ஒருவர், “நோயாளிக்கு நீங்க என்ன முறை?” என்று கேட்டார். முறை ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் உங்கள் நிலையத்தின் பதிவு இலக்கம் என்ன என்றார். அதுவும் இல்லை. அவர் கோபப்படவில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்தமுறை இவளை உங்களோடு அனுப்ப எங்களுக்கு அதிகாரம் கிடையாது என்றார். நியாயமான பேச்சு. யாரும் வந்து எட்டிப் பார்க்காத இல்லங்களில் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? யாராவது வந்து பார்க்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். நானாகவே போய் விண்ணப்பித்தேன். யாரும் என்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை. இதை நிஷாவின் அம்மாவிடம் சொல். நாங்கள் ஒளித்து நடத்திப் பிடிபட்டவர்கள் என்று அவர் நினைப்பதாகத் தெரிகிறது.

சமூக சேவைக் கந்தோர் பதிவு தரவேண்டுமானால் சபையின் அனுமதி வேண்டும். சபை அனுமதி தரவேண்டுமானால், வீட்டின் பாவனையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தீயணைப்பு அறிக்கை, சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, மலைச் சரிவு என்பதால் மண்சரிவு அறிக்கை, கிராம சேவகரின் உறுதி, பொலிஸ் அறிக்கை. தீயணைப்பிலிருந்து வந்தவர் ஒழுங்கை வாயிலில் நின்று இரு பக்கச் சுவரையும் பார்த்தார். “எங்க வாகனம் இதுக்குள்ள வராது மிஸ்.”

“இத்தன வீடு இருக்கே, இங்க நெருப்புப் பிடிச்சா?”

“வீடுன்னா நாங்க கேக்க மாட்டோம் மிஸ்.”

சக்கரக் கதிரை ஏறுவதற்குச் சரிவுப் பாதை கட்டவேண்டும் என்றார்கள். கேற்றிலிருந்து நம் வாசலுக்கு ஏறும் படிகளை நீ அறிவாய். அந்தச் சரிவில் பாதை போட்டால் கதிரை மகாவலி ஆற்றில் போய்த்தான் நிற்கும். இதைச் சொன்னேன், எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன், மகாவலியை விட்டுவிட்டு. ஒவ்வொரு மேசையிலும் கடைசியில் கிடைத்த சொல் ஒன்றுதான். “பலமு, மிஸ்.” பார்ப்போம் என்கிறார்கள். முடியாது என்றால் சண்டை போடலாம், முடியும் என்றால் நன்றி சொல்லலாம். பலமு என்றால் மறுபடி பஸ் ஏறி வரவேண்டும். வெயிலில் கட்டுகஸ்தோட்டைப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, இனி எதற்கு இதெல்லாம், மூவரையும் கூட்டிப்போய் அந்தந்த வாசலில் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாமே என்று நினைத்த நாட்கள் உண்டு. வீட்டுக்கு வந்தால் மெனிக்கே கேற்றடியில் நிற்பாள்.

சபையில் சுவரை நிறைத்துக்கொண்டு ஒரு வரைபடம் தொங்குகிறது. நம் ஒழுங்கை அதில் மஞ்சள்: வதிவிட வலயம், வீடுகளுக்கு மட்டும். பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்த காலமெல்லாம் குடியிருப்புக்கு மஞ்சள் தீட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். கோட்டைத் தாண்டி நிறம் போனால் புள்ளி குறைப்பேன். வலயம் என்ற ஏற்பாட்டையே இகழ எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கை முனையில் ஒருவன் வாகனம் திருத்தும் பட்டறை போட வந்தபோது உன் அப்பாவும் பக்கத்து வீட்டு ஐயாவும் சேர்ந்துபோய் அதே வரைபடத்தைக் காட்டித்தான் தடுத்தார்கள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இன்று நாம் இரும்பு தட்டுகிற சத்தத்தில் இருப்போம். இப்போது அதே சட்டம் நம் வீட்டுக்குள் வந்து, இது பட்டறையா வீடா என்று கேட்கிறது. பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அயலாருக்கு அறிவித்தல் போனது. ஒரே ஒரு ஆட்சேபணை வந்தது, அந்த ஐயாவிடமிருந்து. யாழ்ப்பாணத்திலிருந்து வங்கி வேலைக்கு வந்து கண்டியிலேயே ஊன்றிப்போனவர். நீ சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர். நான் அவரைத் தேடிப் போகவில்லை. அவரே மதிலடிக்கு வந்தார்.

“டீச்சர், ஆட்சேபணை எழுதினது நான்தான். ஒளிச்சு எழுதேல்லை, பேரைப் போட்டுத்தான் எழுதினனான்.”

“மெனிக்கே உங்க செவ்வரத்தம் பூவப் பறிக்கிறதுக்காகவா ஐயா?”

“சீ, அதுக்கில்லை. நான் சாமிக்கு ஆய முன்னமே அவள் வந்து ஆய்ஞ்சு தன்ர காதிலை வைச்சிடுறாள். அது அவளுக்கும் சாமிக்கும் இடையிலை உள்ள வழக்கு. நான் தலையிடேல்லை.”

“அப்ப என்ன குறை?”

“நீங்கள் இருக்குமட்டும் நாலு பேர். நீங்கள் இல்லாட்டி? அனுமதியை வீட்டுக்குத்தானே குடுக்கிறாங்கள். நாளைக்கு உங்கட மகன் வித்துப்போட்டுப் போனால், வாங்கிறவன் நாப்பது பேரைக் கொண்டந்து அடைப்பான். அண்டைக்கு நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. நான் இல்லாத ஒருநாளை அவர் யோசித்திருக்கிறார், நான் யோசித்ததில்லை. அறுபதை நெருங்குகிறேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. பரீனாவைக் குளிப்பாட்டித் தூக்கிவிடச் செல்வியின் உதவி வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் அந்த வயதான மனிதர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லும்வரை என் புத்தியில் அது ஏறவில்லை.

சபையிலிருந்து வீட்டைப் பார்வையிட வரப்போகிறோம் என்று அறிவித்தார்கள். என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், கடுகண்ணாவை ரயிலை ஞாபகப்படுத்த வேண்டும். உனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். நால்வரையும் கூட்டிக்கொண்டு ரயிலில் கடுகண்ணாவைக்குப் போய், சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிர்ச் சீட்டில் இருந்த அம்மாள் ஒருத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, “பாவம், எந்த ஹோம்ல இருந்து கூட்டிட்டு வாறீங்க?” என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்கு அதுதான் வரும். நீ சொன்னாய்: “எங்க வீட்டுல இருந்து ஆன்ட்டி. நாங்க வீட்டு ஆளுங்க.” அந்த அம்மாள் நம்பவில்லை. “எல்லாருமா?” என்றாள், பரீனாவின் முக்காட்டையும் மெனிக்கேயின் பாவாடையையும் பார்த்து. நீ அவளை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய். ரயிலின் தாளத்துக்கு முழங்காலில் தட்டிக்கொண்டு, “யாரு வீடு?” என்று கேட்டாய். செல்வி, “நம்ம வீடு” என்றாள். “நீங்க யாரு?” “இந்த வீட்டு ஆளு.” பேராதனை வரும்போது நால்வரும் பாடமாக்கிவிட்டார்கள். கண்டியில் இறங்கும்போது பெட்டியே உங்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் சொன்னாள். பூமணிக்கு எண்ண வராது, பரீனாவுக்குக் கிழமை தெரியாது. அந்த இரண்டு கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இன்றுவரை ஒருத்திக்கும் மறக்கவில்லை. மெனிக்கே அதைத் தன் உத்தியோகமாகவே ஆக்கிக்கொண்டாள். கேற்றைத் திறக்குமுன் மீன்காரனிடமும் கேட்பாள், தபால்காரரிடமும் கேட்பாள். சரியான பதில் சொல்லாமல் யாரும் உள்ளே வரமுடியாது.

பார்வையிட வருகிறவர்கள் இவர்களிடமும் பேசுவார்கள் என்று கிராம சேவகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். விண்ணப்பம் பராமரிப்பு நிலையத்துக்கு. அங்கே இருப்பவர்கள், நாங்கள் இங்கே பராமரிக்கப்படுகிறவர்கள், டீச்சர் எங்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னால்தான் கணக்குச் சரியாகும். ஆகவே நான் நால்வரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் புதிய பாடம் எடுத்தேன். நீ விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்ததை நான் பயிற்சிபெற்ற ஆசிரியையாக மாற்றிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். “இது டீச்சரோட வீடு. நாங்க இங்க தங்கியிருக்கோம்.” செல்வி சிரித்தாள். பரீனா திருப்பிச் சொன்னாள். மெனிக்கே எழுந்து போய்விட்டாள். பூமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தங்கியிருக்கோம்னா, எப்பம்மா எங்கள அனுப்பப் போறீங்க?” என்று கேட்டாள். பிறகு உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, தன் சட்டைகளையெல்லாம் எடுத்துத் தலையணை உறையில் போட்டுக் கட்டி, பூட்டிய அறைக்குப் போகப்போகிறவள் போல அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த மூட்டையை அவிழ்க்க அவளைச் சம்மதிக்கவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பாடத்தை அதோடு நிறுத்தினேன்.

வந்தவர்கள் மூவர். திட்டமிடல் உத்தியோகத்தர் சின்ன வயதுப் பெண், கொஞ்சம் தமிழ் பேசினாள். கேற்றடியில் மெனிக்கே மறித்து, “யாரு வீடு?” என்றாள். “ஒங்க வீடு” என்றாள் அந்தப் பெண் மரியாதையாக. “நம்ம வீடு சொல்லணும்” என்று திருத்திவிட்டு மெனிக்கே கேற்றைத் திறந்தாள். அறைகளை அளந்தார்கள். குசினியைப் பார்த்தார்கள். குளியலறையில் நீ பொருத்திய கைப்பிடியை ஆட்டிப்பார்த்து நன்றாயிருக்கிறது என்றார்கள். கடைசியில் அந்தப் பெண் முன்னறையில் உட்கார்ந்து பூமணியிடம், “நீங்க இங்க யாரு?” என்று கேட்டாள். எதைக் கேட்கக்கூடாதோ அதையே கேட்டாள். நால்வரும் ஒரே குரலில், முழங்காலில் தட்டிக்கொண்டு, “இந்த வீட்டு ஆளு!” என்றார்கள். பூமணி இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். “இது எங்கம்மா. தம்பி கொழும்புல வேல. கல்யாணம் கட்டப் போறாரு.”

அந்தப் பெண் பேனாவை மேசையில் வைத்தாள். “மிஸ், நான் இப்ப என்ன எழுத? இது வீடா, நிலையமா? வீடுன்னா அனுமதி தேவையில்ல, ஆனா இந்த மூணு பேரும் ஒங்க குடும்பம்னு சட்டத்துக்குக் காட்ட வழியில்ல. நிலையம்னா அவங்களே இல்லன்னு சொல்றாங்க.” படித்தவள், கேள்வி கேட்டே பழகியவள், எழுந்து குசினிக்குப் போனேன். பிளேன் டீ கொண்டுவந்து வைத்தேன். அவள் குடித்தாள். போகும்போதும் பலமு என்று சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவள்தான் பிறகு கூப்பிட்டு ஒரு வழி சொன்னாள். அனுமதியை வீட்டுக்கென்று பொதுவாகக் கொடுக்காமல், என் பெயரில், இந்தப் பெண்களுக்கு மட்டும் என்று நிபந்தனையோடு கொடுக்கக் குழுவிடம் சிபாரிசு செய்யலாம். புதிதாக ஒருவரையும் சேர்க்க முடியாது. கடைசி ஆள் போனதும் அனுமதி தானாகவே முடிந்து, வீடு மறுபடி வெறும் வீடாகிவிடும். சரிவுப் பாதைக்கும் ஒழுங்கைக்கும் விலக்குக் கேட்கலாம். “ஆனா ரெண்டு விஷயம் மிஸ். ஆட்சேபணை இல்லாம இருக்கணும். சொந்தக்காரர் சம்மதிக்கணும்.” இதைப் பக்கத்து வீட்டு ஐயாவிடம் போய்ச் சொன்னேன். “உங்கட மகன் கையெழுத்து வைச்சால் நான் என்ர ஆட்சேபணையைத் திருப்பி எடுக்கிறன். சொந்தக்காரனே நம்பாத இடத்தை நான் ஏன் நம்பவேணும், சொல்லுங்கோ?” என்றார். ஆக, வரைபடமும் ஒழுங்கையும் மண்சரிவும் தீயணைப்பும் எல்லாம் சுருங்கி உன் கையெழுத்தில் வந்து நிற்கின்றன.

அந்தச் சமயத்தில்தான் நிஷாவின் வீட்டார் வந்தார்கள். நீ சம்மதிப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எதையும் சந்தேகப்படுகிற நான் உன்னை மட்டும் சந்தேகப்படவில்லை. கேற்றடியில் மெனிக்கே நிஷாவைக் கேட்டாள். நிஷா சிரித்துவிட்டு, “அதத்தான் அக்கா நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும்; மனதில் உள்ளதைச் சொல்லுகிறாள். அவளுக்குப் பின்னால் நீ வந்தாய். மெனிக்கே உன்னையும் கேட்டாள். எத்தனை வருடமாக நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளைவிடப் பலமாகக் கத்திப் பதில் சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாய். அவர்கள் இருந்த நேரம் முழுவதும் மெனிக்கே கேற்றைச் சாத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. நீ அதைப் பார்த்திருக்கமாட்டாய். உன் முதுகு வாசலுக்கு இருந்தது.

சாப்பாட்டின்போது நிஷாவின் அம்மா கேட்டார், தணிந்த குரலில்தான் கேட்டார்: “கல்யாணத்துக்குப் பொறகும் இவங்க எல்லாம் இங்கேயே இருப்பாங்களா?” ஒரு தாய் கேட்கவேண்டிய கேள்வி. மகள் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, “பார்ப்போம் ஆன்ட்டி” என்றாய். பூமணி உனக்குச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது. அவளுக்கு என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் தலையணைக்கு உறை இல்லை. உறை கட்டிலுக்கடியில் மூட்டையாக இருக்கிறது. இந்தமுறை அவிழ்க்கச் சொல்ல என்னிடம் காரணம் ஒன்றுமில்லை.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒருநாள் நீயும் நிஷாவும் இந்த வீட்டில் வந்து வாழ நினைக்கலாம். உங்களுக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை, உங்கள் பிள்ளைக்கு ஒரு முற்றம் வேண்டியிருக்கும். நான் பொறுப்பேற்ற மனிதர்களை நீ உன் கல்யாணத்தோடு சுமக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உன் அப்பா கேட்டபோது, சரி என்றோ முடியாது என்றோ சொல்ல எனக்கு இடம் இருந்தது. உனக்கு அந்த இடத்தை நாங்கள் தரவில்லை; நீ பிறக்கும்போதே செல்வி இருந்தாள், மற்றவர்கள் உன்னைக் கேளாமல் வந்தார்கள். ஆகையால் முடியாது என்று நீ சொன்னால் உன்னைக் கெட்டவன் என்று நினைக்கமாட்டேன். அழுவேன், உனக்குத் தெரியாமல். பிறகு அந்தந்த இல்லங்களுக்கு ஒவ்வொருவரையும் நானே கூட்டிப்போவேன். ஆனால் பார்ப்போம் என்று மட்டும் சொல்லாதே. கல்யாணம் கட்டப்போகிற உனக்கு என்னால் தரக்கூடிய புத்திமதி இந்த ஒன்றுதான். நிஷாவிடமும் சொல்லாதே, அவள் அம்மாவிடமும் சொல்லாதே. அந்தச் சொல்லைச் சொன்னவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். கேட்டவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

என்னால் இனி முடியவில்லை மகனே. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எல்லாக் கந்தோருக்கும் போனேன், எல்லாப் படியும் ஏறினேன். இனி ஏறுவதற்குப் படி இல்லை. கையெழுத்தைத் தபாலில் அனுப்பவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கண்டி ரயிலைப் பிடித்து வா. நிஷாவையும் கூட்டி வா. கையெழுத்து வைக்க மனம் வந்தால் பேனா என்னிடம் இருக்கிறது. மனம் வராவிட்டாலும் நீதான் வரவேண்டும். கடுகண்ணாவை ரயிலில் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அதை மாற்றிச் சொல்லிக்கொடுக்க நான் முயன்று பார்த்தேன். அவர்கள் என்னிடம் கற்கமாட்டார்கள். இது உங்கள் வீடு இல்லை என்று நால்வரையும் உட்காரவைத்து, முழங்காலில் தட்டி, மனப்பாடமாகும்வரை நீயேதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மெனிக்கே கேற்றடியில் நிற்பாள். கேட்பாள். தோளைத் தட்டிவிட்டுப் போகாதே. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வா.

அம்மா